விளிம்பில் வெள்ளை

கண்ணாடியின் நிறத்தை முகத்தில் பார்க்கக்கூடாது, விளிம்பில்தான் பார்க்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. ஏதோ பெரிய ஞானம் போலச் சொல்வேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கும்தான் என்ன தெரிந்தது? அந்த ஒரு வசனத்தை நம்பி ஒரு பெண்ணை நாலுபேர் முன்னால் பொய்க்காரியாக்கினேன். இதை எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. இப்போதும் நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

மின்குமிழுக்கு மேல் தொங்கவிடுகிற நிறக் கண்ணாடிக் கூடுகள் செய்வது என் தொழில். ஹோட்டல்காரர்கள் லாம்ப் ஷேட் என்பார்கள். வீட்டுக்காரர்கள் விளக்குக் கூடு என்பார்கள். திருகோணமலையில், மூதூர் லோஞ்ச் படகு வந்து கட்டுகிற இறங்குதுறைக்குக் கிட்ட எங்கள் வீடு. முன்னறைதான் பட்டறை. ஓர் அரச அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கோப்புகளில் பிழை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் போதும் என்று எழுந்து வந்தவள் நான். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. போனில் படம் பார்த்து, கையை வெட்டி, கண்ணாடியை உடைத்துப் பழகினேன். அப்படித் தானாகப் பழகினவர்களுக்கு ஒரு தலைக்கனம் வரும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. பிழை பிடிக்கிற பழக்கமும் என்னோடு சேர்ந்து ஓய்வுபெறவில்லை.

வேலை இதுதான். முதலில் மட்டையில் கூட்டின் படத்தைக் கீறி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட வேண்டும். அந்த மட்டையைக் கண்ணாடியில் வைத்து, மண்ணெண்ணெயில் தோய்த்த வெட்டுச் சில்லால் ஒரே இழுவையாகக் கீறிக் குறட்டால் முறிக்க வேண்டும். முறித்த துண்டை, கிரைண்டரில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலுகிற வைரத்தூள் சில்லில் பிடித்து விளிம்பைச் சீராக்க வேண்டும். பிறகு துண்டின் விளிம்பைச் சுற்றி ஒரு பக்கம் பசையுள்ள மெல்லிய செப்பு நாடா. நாடாவும் நாடாவும் முட்டுகிற இடத்தில் ஈயத்தை உருக்கி ஓடவிட்டால் துண்டுகள் ஒன்றாகும். இப்படி ஆறு பலகை செய்து, நிமிர்த்தி, ஒன்றோடொன்று சாய்த்து ஒட்டினால் கூடு. கடைசியில் மயில்துத்தம் கரைத்த தண்ணீரைத் தடவினால் ஈயக்கோடுகள் செப்பு நிறம் எடுக்கும். சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். கழுத்து வலியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

விளிம்புக் கதைக்கு ஒரு காரணம் இருந்தது. தொழில் தொடங்கின புதிதில் கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி எனக்குச் சிவப்புக் கண்ணாடி என்று ஒரு பெட்டி அனுப்பினான். நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு அதில் எட்டுக் கூடு செய்து கொடுத்தேன். மூன்றாம் மாதம் மின்குமிழின் சூட்டுக்குச் சிவப்பெல்லாம் உரிந்து, சாப்பாட்டு மேசைகளில் செதில் செதிலாக விழுந்திருக்கிறது. வெறும் பெயின்ட். ஹோட்டல் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் செதில்களை ஒரு கோப்பையில் போட்டு என் கையில் தந்தார். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து மிச்சத் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். விளிம்பு வெள்ளை, நிறமில்லாத வெறும் கண்ணாடி. கடையில் வாங்குகிற நல்ல சிவப்பை முறித்தால் உள்ளேயும் சிவப்பாக இருக்கும். அன்றைக்கே எனக்கு ஒரு சட்டம் கிடைத்தது: விளிம்பு வெள்ளையென்றால் பூச்சு.

அந்தப் பெண் தோப்பூரிலிருந்து வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் ராத்தா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். தன் வளவிலிருந்து இரண்டு வளவு தள்ளி வீடு கட்டி முடித்து, மண்டபத்துக்கு ஒரு விளக்குக் கூடு கேட்டு வந்திருந்தார். மாதுளம்பூ போட்டு வேண்டும் என்றார். பூவுக்குச் சிவப்பு அவரே கொண்டு வருவாராம்.

"எங்கட வாப்பா நெல் யாவாரம் செய்த ஆள் தங்கச்சி. வீட்டுக் கதவுக்கு மேல வரிசையா சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தாங்க. காலையில வெயில் விழுந்தா நடு வீடு முழுக்கச் சிவந்து போயிரும். சண்டை நேரம் நாங்க இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தா வீட்டில கூரையும் இல்ல, ஒண்டும் இல்ல. கதவு நிலையும் நாலு கண்ணாடியும் மட்டும் அப்படியே நிக்கிது. அதக் கழட்டிப் போர்வையில சுத்தி இந்த நாள் வரைக்கும் அலுமாரிக்குள்ள வெச்சிருக்கன்."

அதிலிருந்துதான் மகளின் வீட்டுக்கு மாதுளம்பூ. வீடு, மாடு, நகை என்று மகளுக்கு எத்தனையோ கொடுத்திருந்தார். ஆனால் வாப்பாவின் வீட்டிலிருந்து கொடுக்க அவரிடம் இருந்தது அந்த நாலு கண்ணாடியும்தான். நான் அதைக் கேட்டு மனம் இளகினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. "கொண்டு வாங்கோ ராத்தா, விளிம்பைப் பார்த்துத்தான் சொல்லுவன்" என்றேன்.

அடுத்த கிழமை மூன்று பேராக வந்தார்கள். ராத்தா, கல்யாணப் பெண், மாப்பிள்ளையின் தாய். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து, கல்யாணச் சாரி எடுக்கப் போகிற வழியில் என்னிடம் இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் உட்காரும்போதே சிரித்துக்கொண்டு சொன்னார், "லோஞ்சில வழி முழுக்க இவங்கட கண்ணாடிக் கதைதான்." ராத்தாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மடியில் வைத்திருந்த பொதியைக் கைக்குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் தந்தார்.

நான் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்படி ஒரு சிவப்பை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. ஆழமான, கனமான சிவப்பு. கடையில் வருகிற சிவப்பு அதன் பக்கத்தில் தக்காளித் தண்ணீர். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. இந்த நாட்டுப்புற வீட்டில் இவ்வளவு நல்ல கண்ணாடி எங்கே கிடந்தது என்று ஒரு நினைப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்படித்தான் நினைத்தேன். மூலையில் ஒரு கீறல் போட்டு முறித்தேன். முறிந்த இடம் வெள்ளை. ஒரு பக்கத்தில் மட்டும் நூல் போலச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த ஹோட்டல் கோப்பை ஞாபகம் வந்தது.

"ராத்தா, இது சிவப்புக் கண்ணாடி இல்லை. வெள்ளைக் கண்ணாடியில சிவப்பைப் பூசியிருக்கு."

"இல்ல தங்கச்சி, இது வாப்பா காலத்துக் கண்ணாடி. முப்பது நாப்பது வருசம் வெயிலில நிண்டது."

முப்பது நாற்பது வருடம் வெயிலில் நின்ற பெயின்ட் உரியாமல் இருக்குமா என்று ஒரு குழந்தைப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. மேசையில் தின்னர்ப் போத்தல் இருந்தது. ஒரு துணியில் நனைத்துத் துடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. எனக்குச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. கிரைண்டரைப் போட்டேன். கண்ணாடியை நிமிர்த்தி, விளிம்பை அல்ல, முகத்தைச் சில்லில் வைத்து அழுத்தினேன். கலங்கின தண்ணீர் சொட்டியது. எடுத்து மூன்று பேருக்கும் காட்டினேன். சிவப்பின் நடுவில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம்.

"பாருங்கோ. கண்ணாடியெண்டால் உள்ளுக்கும் சிவப்பா இருக்கோணும்."

மாப்பிள்ளையின் தாய் எட்டிப் பார்த்தார். "அல்லாஹ், பூச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கினார். "சரி விடுங்க, ஆரோ உங்கட வாப்பாவ ஏமாத்தியிருப்பாங்க."

"எங்கட வாப்பா ஏமாறுற ஆள் இல்ல" என்றார் ராத்தா. குரல் எழும்பவேயில்லை. மகள் அவரைப் பார்க்காமல் தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார். கிரைண்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போய் அணைத்தேன்.

"பரவாயில்லை ராத்தா, நான் நல்ல சிவப்புப் போட்டுத் தாறன்" என்றேன், பெரிய மனசு பண்ணி.

அவர் போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். கண்ணாடியை எடுக்கவில்லை. அவர்கள் போனதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நல்ல காரியம் செய்தேன் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் பெயின்ட் உரிந்து விழாமல் அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேனாம். அன்றைக்கு மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கூட்டைக் கவனமாகத்தான் செய்தேன். ஆறு பலகை, பலகைக்கு ஒரு மாதுளம்பூ, இரண்டு இலை, பின்னணிக்குப் பால் நிறம். பூவுக்குக் கடைச் சிவப்பு. ஈயம் எங்கும் மேடு பள்ளமில்லாமல் ஓடியது. கீழ் விளிம்புக்குச் செப்புக்கம்பி வைத்து உறுதியாக்கினேன். மின்குமிழைப் போட்டுப் பார்த்தபோது யாரும் குறை சொல்ல முடியாத கூடு. ராத்தா தனியாக வந்து எடுத்துப் போனார். ஏற்றிக் காட்டட்டுமா என்று கேட்டேன். "தேவையில்ல தங்கச்சி. பாரமா?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டாக வைக்கிற சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். என் சஹனில் மற்ற எல்லோரும் மாப்பிள்ளை வீட்டார். ராத்தா ஒவ்வொரு சஹனாக வந்து விசாரித்துக்கொண்டு போனார். எங்களிடம் வந்து, இறைச்சி தன் சொந்த மாட்டுப் பட்டியில் அறுத்தது என்று சொன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஒருத்தி மெல்லக் கேட்டாள், "சொந்தப் பட்டியா, சிவப்புக் கண்ணாடிப் பட்டியா?" எல்லோரும் சோற்றில் கை வைத்தபடி குலுங்கிச் சிரித்தார்கள். அந்தக் குடும்பத்தில் அது அதற்குள் ஒரு பகிடியாகிவிட்டிருந்தது. ராத்தா எதைச் சொன்னாலும் சிவப்புக் கண்ணாடி. நானும் சிரித்தேன். வாயில் அவர் போட்ட சோறு இருக்கும்போதே சிரித்தேன்.

பிறகு எனக்குப் பால் நிறத்தோடு சேர்க்க வெள்ளைக் கண்ணாடி தேவைப்பட்டது. அந்த நேரம் இறக்குமதிச் சாமான் ஒழுங்காக வருவதில்லை. மூலையில் சாத்தி வைத்திருந்த ராத்தாவின் கண்ணாடி ஞாபகம் வந்தது. பூச்சைக் கழற்றினால் நல்ல வெள்ளைதானே என்று ஒரு தட்டில் தின்னரை ஊற்றி ஒன்றை ஊறப்போட்டேன். அடுத்த நாள் காலையில் எடுத்துத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. பிளேட்டால் சுரண்டினேன். பிளேட் வழுக்கியது. கோஸ்டிக் சோடாவில் போட்டேன். சிவப்பு அசையவில்லை. குளித்துவிட்டு வந்தது போல இன்னும் பளபளத்தது.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறிந்த விளிம்பை வெயிலில் பார்த்தேன். வெள்ளைக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில், வெங்காயத் தோல் அளவுக்குச் சிவப்பு. அதுவும் கண்ணாடிதான். இடையில் ஒரு பிரிவு இல்லை, ஒரு பிசிர் இல்லை. பிறகு போனில் தேடினேன். தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்தக் காலத்துச் சிவப்பை முழுக்கனத்துக்கும் ஊற்றினால் வெளிச்சமே வராமல் கறுத்துப்போகுமாம். அதனால் கண்ணாடி உருகின சூட்டிலேயே வெள்ளையின் மேல் சிவப்பை ஒரு தோலாகப் போர்த்திவிடுவார்களாம். விளிம்பு வெள்ளையாக இருப்பதுதான் நல்ல பழைய சிவப்புக்கு அடையாளம் என்று யாரோ ஒரு வெளிநாட்டு மனிதர் சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார். பூச்சுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத தொழிலாளியே இருக்கமாட்டார் என்றும் சொன்னார்.

நான் அரைத்தது அவருடைய வாப்பாவின் கண்ணாடியை. அதைவிட அவருடைய வார்த்தையை.

அது நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது. ஒழுங்கை முனைக் கடையில் பேரீச்சம்பழப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அன்றைக்கே லோஞ்ச் ஏறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நோன்பு வரப்போகிறது, இந்த நேரத்தில் போய்க் கரைச்சல் கொடுப்பானேன் என்று எனக்கு நானே சொன்னேன். நோன்பு முடிந்ததும், பெருநாள் கொண்டாடுகிறவர்களிடம் பழைய கதையைக் கிளறுவதா என்றேன். பிறகு கச்சான் காற்று, கடல் சரியில்லை என்றேன். தரை வழியாகப் பஸ்ஸும் ஓடுகிறது என்பதை வசதியாக மறந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது என்று ஒருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. அலுவலகத்திலும் வராது. கண்ணாடிகளைச் சாக்கில் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். விளிம்பைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அது பெரிய பிராயச்சித்தம் என்று நினைப்பு.

ஐப்பசியில் ஒரு நாள் மாப்பிள்ளையின் தாய் வந்தார். தன் வீட்டுக்கும் ஒரு கூடு வேண்டுமாம்.

"எத்தனையோ இடத்தில செய்யிறாங்க. ஆனா உங்கட சொல்ல நம்பலாம். அண்டைக்கு முகத்துக்கு நேர உள்ளதச் சொன்னீங்களே. எல்லாருக்கும் அந்தத் தைரியம் வராது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மனிசி இப்ப மகள் வீட்டுப் பக்கம் வாறதே குறைவு. ரெண்டு வளவுதான் தூரம். ஏனெண்டு தெரியா."

எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. சாக்கு என் காலில் முட்டிக்கொண்டுதான் கிடந்தது. குனிந்து எடுத்துக் காட்டியிருந்தால் போதும்.

"கூடு என்ன அளவில வேணும்?" என்று கேட்டேன்.

அவர் அளவைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். என் வாழ்க்கையில் செய்த எத்தனையோ சில்லறைத்தனங்களில் அந்தக் கேள்விக்குக் கிட்ட ஒன்றும் வராது. அவர் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு எந்த வேலையிலும் கை போகவில்லை. அடுத்த நாள் காலையில் அவருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது, கண்ணாடி நல்ல கண்ணாடி, ராத்தா சொன்னது முழுக்க உண்மை என்றேன். அவர் சிரித்தார். "அட, அத நாங்க எப்பவோ மறந்திட்டம். இதுக்குப்போயா இப்பிடிக் கவலப்படுறீங்க? என்ட கூட்டுக்கும் அந்த மாதுளம்பூவையே போடுங்க." அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தெம்பிலேயே லோஞ்ச் ஏறினேன்.

தோப்பூரில் ராத்தா முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தங்கச்சி" என்று கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் உட்காரவில்லை. பொதியை அவிழ்த்துக் கண்ணாடியைக் காட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். தின்னர், சோடா, போனில் பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. கோப்பு வாசிப்பது போல வாசித்து முடித்தேன்.

அவர் கண்ணாடியை வாங்கி நான் அரைத்த வட்டத்தை விரலால் தடவினார்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எனக்குத் தெரியாதா இது?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா."

"மன்னிக்கிறதுக்கென்ன. மன்னிச்சிட்டன்." மிளகாயைத் திருப்பிப் போடக் குனிந்தார். "சம்மந்தியாக்கள் சிரிச்சாங்க. சிரிக்கட்டும், எனக்கென்ன? மகளும் என்ன நம்பல்ல தங்கச்சி. அவவுக்குச் சொல்லுங்க. வீடு அந்தா தெரியிது. நான் வரல்ல, நீங்க போங்க."

மகள் என்னை நடு மண்டபத்தில் இருக்கச் சொன்னார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நான் மறுபடியும் தின்னரிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் தரம் என்பதால் தடங்கலில்லாமல் வந்தது. கொஞ்சம் நன்றாகவே சொல்கிறேன் என்றுகூட ஒரு நினைப்பு வந்ததை இங்கே ஒளிக்கப் போவதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்கு எப்ப தெரிய வந்தது?"

"நோன்பு தொடங்கிறதுக்கு முதல் கிழமை."

"இந்த நோன்புக்கா?"

"ஓம்."

அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

"பெருநாள் அண்டைக்கு மாமியாக்கள் எல்லாரும் இங்க வந்திருந்தாங்க. சாப்பாட்டு நேரம் உம்மா திரும்பவும் மூத்தவாப்பாட கண்ணாடிக் கதையத் தொடங்கினா. எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிக்கிறாங்க. எனக்குத் தாங்க முடியல்ல. 'உம்மா, பொய்யச் சொல்லிச் சொல்லி என்ன வெக்கப்படுத்தாதீங்க' எண்டு சொல்லிட்டன். எல்லாருக்கும் முன்னால. உம்மா சாப்பாட்டுக் கோப்பைய வெச்சிட்டு எழும்பிப் போனா. அதுக்குப் பிறகு இந்த வீட்டில அவ ஒரு வாய் சாப்பிடல்ல." மடக்கின விரல்களை விரித்தார். "அப்ப, அண்டைக்கு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். அவர் எழுந்து தலையில் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பும் போடாமல் பின் படலைப் பக்கம் நடந்தார். குசினி வாசலில் நின்று திரும்பினார்.

"நான் உம்மாவ விட உங்களத்தான் நம்பினன்" என்றார்.

வீடு திறந்தபடி கிடந்தது. ஆளில்லாத வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவதா என்று யோசித்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். இரண்டு வளவு தூரத்திலிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. தாயா மகளா என்று பிரித்தறிய முடியவில்லை. இருவரும் சேர்ந்து திரும்பி வரும்போது அந்த மண்டபத்தில் நிற்க எனக்கு முகமில்லை. முன்கதவைச் சாத்திவிட்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.